பதின்மூன்று வாரம்

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
ரிக் வண்டி உதிரிபாகக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
எதிரொலி வராமலிருக்க
சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள்.
அட்டைக்கு முப்பது குழி.
போன் வராத நேரத்தில்
நீயும் எண்ணியிருப்பாய் பானுரேகா.

உன் மைக்கைத்தான் எனக்கும் குத்தினார்கள்.
அதன் பஞ்சில் உன் பவுடர் வாசம்.
புதுசு ஒன்று வாங்கலாமே என்றேன்.
"மொதல்ல ஸ்பான்சர் கையெழுத்துப் போடட்டும் அம்மிணி"
என்றார் முதலாளி.

போட்டுவிட்டார்கள்.
ஆயிரத்து இருநூறு அடியிலும்
புகை மட்டுமே வந்தால்
பாதிப் பணம் வாபஸ் என்கிற போர்வெல் கம்பெனி,
நம் நிகழ்ச்சிக்கு
இன்னும் பதின்மூன்று வாரம் கொடுத்திருக்கிறது.
ராசிபலன் இனி ஞாயிறு மட்டும்.
பத்தரை மணி சமையல் நின்றது.
கோமளவல்லி அக்கா
இரண்டு வாணலியையும் குக்கரையும் சாக்கில் கட்டி
டவுன் பஸ்ஸில் ஏற்றுவதை ஜன்னலில் பார்த்தேன்.
கண்டக்டர் சாக்குக்கும் டிக்கெட் கேட்டான்.
அவள் கடைசியாகச் செய்த அரிசிம்பருப்புச் சோத்துக்கு
உப்பு எவ்வளவு என்று
இன்றைக்கும் மூன்று பேர் கூப்பிட்டுக் கேட்டார்கள்.
அதில் அவளே உப்பைச் சொல்ல மறந்திருந்தாள்.

சென்னை சீரியலில் என்றால் அடியில் ஒரு வரி ஓடும்:
இனி இவருக்குப் பதில் இவர்.
அவ்வளவுதான்.
நேற்றுவரை பார்த்திராத முகத்தை
அத்தை என்று கட்டிக்கொண்டு
வீடே அழும்.
நமக்கு அந்த ஒரு வரியும் வேண்டாமாம்.
"கேட்டா லீவுன்னு சொல்லு.
ரெண்டு வாரத்துல மறந்துருவாங்க."

முதல் போன் பள்ளிபாளையம்.
தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:
"அந்தப் புள்ள எங்கீங்க?"
லீவுங்க.
"எப்ப வருமுங்க?"
என்ன பாட்டு வேணுங்க?
"இல்லீங், அது வந்ததும் கூப்புடறேனுங்."
ரிசீவரை வைக்க மறந்துவிட்டார் போல.
கொஞ்ச நேரம் தறி மட்டும் பேசியது.
ஊர் முழுக்க அதைக் கேட்டது.

பிறகு லாரி பட்டறை ஆறுச்சாமி,
பிறகு வேலகவுண்டம்பட்டியிலிருந்து ஒரு அம்மா:
"உன்ர கொரலு நல்லாத்தான் இருக்குது கண்ணு.
ஆனா அவ எங்க மாட்டுப் பேரைக் கேப்பா."
சரி என்று நானும் கேட்டேன்.
மாட்டுப் பேர் என்னங்க?
"அதைப் போன மாசமே வித்தாச்சு."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உன் பேனர்
அப்படியே இருக்கிறது.
முகத்தில் மட்டும் என் முகத்தை ஒட்டிவிட்டார்கள்.
கழுத்துக்குக் கீழே உன் பச்சைச் சேலை, உன் கை,
உன் கையில் உன் மோதிரம்.
மலைமேல் இருக்கிற சாமியே பாதிக்குப் பாதி.
அதனாலோ என்னவோ
யாரும் நின்று பார்க்கவில்லை.
மூன்று மணி வெயிலில்
என் கன்னத்துக்கு அடியிலிருந்து
உன் பொட்டு தெரிகிறது.

நேற்று கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு போன்.
ஹலோ என்றேன்.
என் ஹலோ அந்த வீட்டு டிவியில் பட்டு
எனக்கே திரும்பி வந்தது.
டிவி சத்தத்தைக் கொறைச்சுக்கங்க,
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேனே,
அதைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே
சத்தம் குறைந்தது.

பேர் சொல்லவில்லை.
பாட்டும் கேட்கவில்லை.
மூச்சு மட்டும்.
பின்னால் யாரோ குழாயை மூடினார்கள்.
நேரலையில் எதைக் கேட்பது?
கேமரா அர்த்தநாரி விரலை மடக்கி
பத்து, ஒன்பது என்கிறான்.
நானே ஒரு பாட்டைப் போட்டேன்.
பல்லவி முடியுமுன் லைன் போய்விட்டது.

நீயாக இருந்தால்,
நாளைக்குப் பன்னிரண்டரைக்கு, விளம்பரம் ஓடும்போது
கூப்பிடு.
ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்.
இந்த நாற்காலியின் இடப்பக்கக் கால் ஆடுகிறது.
நீ அதற்கு அடியில்
என்ன வைத்திருந்தாய்?