பக்கத்து இருக்கை

என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது.
பதினெட்டு வருஷமாக
ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் வரைக்கும்
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடியே
பினாங்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.
அந்தப் பிரேக்கை நான் மிதித்ததெல்லாம்
விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது
காடி பின்னால் உருளும்.
"உருளட்டும். கிளட்சை மெதுவா விடுங்க.
நடுங்குதா? நல்லது, எடுக்கப்போகுதுன்னு அர்த்தம்."

நான்காம் முறையும் தோற்று
ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுத
புஷ்பலீலாவுக்கு
ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்:
"மேடு எங்கயும் போயிடாது.
அடுத்த மாசமும் அங்கதான் இருக்கும்."
இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள்.
ஹாரன் அடித்து
என்னையே முந்திக்கொண்டு போகிறாள்.

போன புதன்கிழமை,
சந்தை முக்கில்,
நானே ஓட்டி, நானே திருப்பி,
நானே தூணில் உரசினேன்.
பின்கதவில் ஒரு முழத்துக்குக் கோடு.

வாய் தானாகத் திறந்தது.
சனியனே.
உனக்கெல்லாம் எதுக்குடி லைசென்சு.
ஊருக்கு வாத்திச்சி, உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு.

அதோடு விடவில்லை.
தூணிலிருந்து வாடகைப் பாக்கிக்குப் போனேன்,
பாக்கியிலிருந்து
நாற்பத்தாறு வயதின் வயிற்றுக்கு,
வயிற்றிலிருந்து
தங்கை கல்யாணப் பந்தியில்
நான் உளறிய ஒரே ஒரு வாக்கியத்துக்கு.
அது இரண்டாயிரத்து ஒன்பதில்.
கேட்டவர்களில் பாதிப்பேர் செத்தேபோனார்கள்.
நான் மட்டும் தேதி தவறாமல்
அதற்கு வட்டி கட்டுகிறேன்.

அன்று என் இருக்கையில் ஹுய் மின்.
தாதி. இரவு வேலை முடிந்து நேரே வந்தவள்,
என் பிரேக்குக்குப் பக்கத்தில் காலை நீட்டித்
தூங்கிக்கொண்டு வந்தாள்.
தமிழ் ஒரு சொல் தெரியாது.
விழித்தவள் மலாயில் மெல்லக் கேட்டாள்:
"டீச்சர், போனில் யார்?"

போன் கைப்பைக்குள் கிடந்தது.
"கூட இருக்கிற ஒருத்தி" என்றேன்.

"பாவம். அவ்வளவு பெரிய தப்பா?"

இறங்கிப்போய்க் கோட்டைப் பார்த்தேன்.
"ஒரு முழம்" என்றேன்.

அன்றிரவு முகம் கழுவிவிட்டு
கண்ணாடி முன்னால் நின்றேன்.
மாணவர்களுக்குச் சொல்வேன்:
கண்ணாடியைப் பாருங்க,
அதையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க.

முதலில் மரியாதை கொடுத்துப் பார்த்தேன்.
"வாங்க தவமணி, உட்காருங்க."
கடன் கேட்டுப் போன இடத்தில்
வங்கி அதிகாரி பேசுவது மாதிரி இருந்தது.
புகழ்ந்தும் பார்த்தேன்.
"நீ அழகி, நீ சாதித்தவள்."
நாக்குக்கே கூச்சமாகிவிட்டது.

கடைசியில்
பழைய வசவையே எடுத்து
அதிலிருந்து ஒரே ஒரு 'டி'யைக் கழற்றினேன்.

உனக்கு எதுக்கு லைசென்சு?

அடடா, இது வெறும் கேள்வி.
கேள்வி என்றால் பதில் சொல்லிவிடலாமே.
எழுநூறு பேருக்குச் சொல்லித்தர, என்றேன்.
அவர்களில் ஒருத்தி ஹாரன் அடிப்பதைக் கேட்க.

திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
மறுநாள் காலையில் காப்பி கொட்டியது.
சனி என்று ஆரம்பித்த வாய்
பாதியில் நின்றது,
கால் தரையில் எதையோ மிதித்திருந்தது.
மீதியை என்ன சொல்லி முடிப்பதென்று தெரியாமல்,
யாரைப் பார்த்தாலும் கேட்பதையே
கேட்டுவைத்தேன்:
பசியாறியாச்சா?

இல்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே இல்லை.

கோட்டுக்குப் பெயிண்ட் அடிக்க
இருநூற்று எண்பது வெள்ளி கேட்கிறார்கள்.
கிடக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஹுய் மின்
மேட்டின் பாதியில் நிறுத்தி,
ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கேட்டாள்:
"அந்தப் பெண் எப்படி இருக்கிறாள், டீச்சர்?"

"பசியாறிவிட்டாள்" என்றேன்.
"கிளட்சை மெதுவா விடுங்க."