நீர்மட்டத்துக்கு மேல் ஓர் ஓட்டை

மூன்று பேருக்குச் சொந்தமான பாய்ப்படகு.
இருபத்து நான்கு அடி. ஒரு பழைய இயந்திரம்.
முந்தைய முதலாளி விட்டுப்போன பச்சை வாளி ஒன்று.
வாளி போதும் என்றார்கள்
டெரன்ஸ் கோவும் மரியநாதனும்.
அவர்களுக்கு வாளியும் தேவைப்பட்டதில்லை.
பின்பக்கம் போய் நிற்பார்கள்,
நான் உபின் தீவின் மரங்களை எண்ணுவேன்.

சனிக்கிழமை படகு என்றால்
முந்தின இரவே தண்ணீரை நிறுத்திவிடுவேன்.
எனக்கு அது புதிதில்லை.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
மாற்று ஆள் ஏறி வரும்வரை
உடம்பு வாய் திறக்கக் கூடாது.
சம்பளத்துக்குச் செய்வதைச்
சந்தோஷத்துக்கும் ஏன் செய்கிறேன் என்று
சாங்கிக் கடலில் ஒரு நண்பகல்
தலை கிறுகிறுத்து, பாய்க்கயிறு
கை நழுவிப் போனபோதுதான் தோன்றியது.

கடையில் மூன்று வகை.
கைப்பம்பு வைத்தது வெள்ளைப் பீங்கான், நல்ல அழகு.
கடலை உறிஞ்சித் தன்னைக் கழுவிக்கொள்ளும்.
ஆனால் படகின் அடிவயிற்றில் துளையிட வேண்டும்.
வால்வை மூட மறந்தால்
நீங்கள் கரையில் சாப்பிட்டு முடிப்பதற்குள்
கடல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும் என்றார் கடைக்காரர்,
விற்க மனமில்லாதவர் போல.
இரண்டாவது, பெட்டிக்குள் பெட்டி, நீல மருந்து.
மூடி திறந்து முகர்ந்தேன்:
கட்டுமான இடத்து ஓரத்தில்
வெயிலில் நிற்கும் கூண்டு.
மூன்றாவது தண்ணீரே கேட்கவில்லை.
முன்னால் போவது புட்டிக்கு,
பின்னால் போவது தேங்காய் நார்த்தூளுக்கு.
பிரிந்திருந்தால் நாறாது, சேர்ந்தால்தான் நாறும்
என்று சொல்லிவிட்டு
அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார்.

ஆயிரத்து முந்நூறு வெள்ளி.
மூன்றாகப் பிரிக்கலாமா என்று கேட்டு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.
நானே கட்டினேன்.

அதே அளவில் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி
முதலில் அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன்.
கூரை தலையில் இடித்தது.
முன் படுக்கைக்கு அடியிலிருந்த பலகையை
ஏழு சென்டிமீட்டர் அறுத்து இறக்கினேன்,
மறுபடி உட்கார்ந்தேன், குனிந்தால் போதும்.
நான்கு திருகாணி. உள்ளங்கை அளவு விசிறி.
காற்றுக்குழாய்க்கு ஒரே ஒரு துளை,
அதுவும் மேல்தளத்தில்.

உள்ளே மல்லாந்து படுத்துத் துளைவாளைப் பிடித்தேன்.
நாற்பது டன் பெட்டியைத்
தூசுபோல் இறக்கும் கை
நடுங்கியது.
வட்டமாய் உறுமிக்கொண்டிருந்த சத்தம்
சட்டென்று மாறியது.
நார்த்தூசியோடு
ஒரு வெள்ளிக்காசு அளவு வெயில்
என் நெற்றியில் விழுந்தது.
குழாயை மாட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
மாட்டத் தெரியாமல் இல்லை.

நார்த்தூள் கட்டியை ஊறவைக்க
பச்சை வாளி பயன்பட்டது.

முதல் ஞாயிறு, கெத்தாம் தீவின் பக்கம்,
மீன்பண்ணை நாய்கள் குரைக்கும் தூரத்தில்,
இரண்டு பேரும் பார்க்க
ஒரு லிட்டர் பார்லித் தண்ணீர் குடித்தேன்.
பிறகு கீழிறங்கித் திரையை இழுத்தேன்.
படகு சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு கால் சுவரில், ஒரு கை கம்பியில்.
"திருப்பாதீங்க! இப்ப திருப்பாதீங்க!"
"நேராத்தான் போறோம்" என்றது மரியநாதன் குரல்.
காற்று மாறியது எனக்கே தெரிந்தது,
பாய் படபடத்தது,
மீன்பண்ணை வேலி நெருங்கியிருக்கும்.
சுக்கானில் இருந்த டெரன்ஸ்
திருப்பவில்லை.

திரும்பும் வழியில் அவன்
ஒன்றும் பேசாமல் கீழே போனான்.
பத்து நிமிடம்.
விசிறிச் சத்தம் மட்டும்.

மறுநாள் கைப்பேசியில்
நானூற்று முப்பத்து மூன்று வெள்ளி
முப்பத்து மூன்று காசு வந்திருந்தது.
மரியநாதன் இன்னும் தரவில்லை.
திரைக்குப் பக்கத்தில் பட்டியல் ஒட்டியிருக்கிறேன்:
புட்டியைக் கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியவர்,
இந்த மாதம் முழுக்க,
மரியநாதன்.