சுத்தி, பட்டடை

பரீட்சை மண்டபத்தில் என் வேலை நடப்பது.
நின்றால் உட்காரத் தோன்றும் என்று
சித்தோலே ஐயா முதல் நாளே சொல்லிவிட்டார்.
ரப்பர் அடிச் செருப்பு. கைபேசி கூடாது.
இருமல் வந்தால் வெளியே.
நூற்றுப் பதினெட்டு மேசை, ஒரு கடிகாரம்,
எட்டு மின்விசிறி. அதில் ஒன்று
சுற்றும்போதெல்லாம் யாரையோ திட்டும்.

சாட்ஸ்வர்த்தில் நவம்பர் என்றால்
காலை எட்டுக்கே காகிதம் முழங்கையில் ஒட்டும்.
உயிரியல், முதல் தாள்.

நாற்பத்திரண்டாம் மேசையில் கெரூஷன் படையாச்சி.
அவன் பிறந்ததிலிருந்து எனக்கும் அவனுக்கும் இடையில்
ஒற்றைச் செங்கல் கனம்தான்.
அவர்கள் சமையலறை
எங்கள் படுக்கையறைக்குள் வெங்காயம் வதக்கும்.
அங்கே தொலைக்காட்சிக்கு ஓய்வே கிடையாது.
அப்பாவுக்குக் கிரிக்கெட், அம்மாவுக்குத் தொடர்,
அண்ணனுக்கு, இன்னும் வாங்காத காருக்காக
முதலிலேயே வாங்கிவிட்ட ஒலிபெருக்கி.
மின்சாரம் போனால்தான்
எல்லோரும் வாசலுக்குப் போய் அரசாங்கத்தை ஏசுவார்கள்.
அப்போது சுவர் வழியே இவன் குரல் வரும்.
அட்டவணை போட்டு வருகிற இருட்டில்
இரண்டு மணி நேரம்,
ஒரு டார்ச், ஒரு வாய்.

அதனால் இப்போது அவன் ஏன் எழுதவில்லை என்று
எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?
ஒன்பதரை. பத்து.
பேனா மூடியைக் கடிக்கிறான்.
குழல் விளக்கு அவன் வெற்றுத் தாளை
இன்னும் வெளுக்கிறது.
கடக்கையில் கேள்வியைப் படித்தேன்:
ஒலி மூளையை அடையும் பாதையை வரிசையாக எழுதுக.
எட்டு மதிப்பெண்.
நான் பத்தாவதோடு தையல் ஆலைக்குப் போனவள்.
ஆலை மூடிய பிறகு, நவம்பரில் மட்டும் இந்த நடை.
பாதை என்றால் எனக்கு
ஹிகின்சன் நெடுஞ்சாலைதான்.

பத்து இருபதுக்கு மேகம் கறுத்தது.
கூடவே மின்சாரமும் போனது.
விசிறிகள் ஒவ்வொன்றாய் மனசில்லாமல் நின்றன,
திட்டுகிறது கடைசியாக.
மண்டபம் முழுக்க ஒரே பெருமூச்சு.
சித்தோலே ஐயா திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்.
சாம்பல்தான் வந்தது, வெளிச்சம் இல்லை.

அந்தச் சாம்பலில் எனக்குக் கேட்டது.
வாய் திறந்து யாரும் பேசவில்லை, சத்தியமாக.
செவிமடல், செவிக்குழல், செவிப்பறை,
சுவருக்கு அந்தப் பக்கத்து, கொஞ்சம் மூக்கடைத்த குரலில்.
சுத்தி.
பட்டடை.
இங்கே அவன் எப்போதும் தடுக்கி நிற்பான்,
பென்சிலால் சுவரை மூன்று முறை தட்டுவான்,
எங்கள் பக்கம் ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து
லேசாகக் கிலுங்கும்.
பிறகு வரும்: அங்கவடி.
நீள்வட்டச் சாளரம், நத்தைச் சுருள், நரம்பு.

எத்தனை இரவு தலையணையைக் காதில் அழுத்தி
இவனைச் சபித்திருக்கிறேன்!
யாரும் சொல்லித் தராமல்
எட்டு மதிப்பெண் எனக்குள் கிடந்திருக்கிறது,
விளக்கு அணையட்டும் என்று.

திரும்பிப் பார்த்தேன்.
தாளில் மூக்கு இடிக்கக் குனிந்து
எழுதிக்கொண்டிருந்தான்,
பசித்தவன் சாப்பிடுகிற வேகத்தில்.
பிறகு நின்றான்.
பேனாவின் பின்முனை மேசையில்
ஒன்று,
இரண்டு,
சித்தோலே ஐயா நிமிர்ந்தார். சத்தம் கூடாது.
மூன்றாவது தட்டு விழவில்லை.
கை அந்தரத்திலேயே இருந்தது.

என் பாவாடைப் பைக்குள் வீட்டுச் சாவி.
நடந்தேன். நடப்பதுதானே வேலை.
நாற்பது, நாற்பத்தொன்று.
ரப்பர் செருப்பு எந்தச் சத்தமும் போடாது.
விதித்தாளை இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.
சாவியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பதினொன்றரைக்கு விளக்கு வந்தது.
திட்டுகிற விசிறி முதலில் தொடங்கியது.
இன்னும் இரண்டு பக்கம் இருந்தது அவனுக்கு.
பேனா மூடி
மறுபடியும் வாய்க்குள் போனது.