காமலாபுரம் – தேவனஹள்ளி

உரக்கடைக் குலுக்கலில் மாதையனுக்கு விழுந்தது
ஒருவழி விமான டிக்கெட்.
வடக்கே போகவேண்டியவன்
பாலக்கோட்டிலிருந்து தெற்கே கிளம்பினான்.
தொப்பூர் கணவாயில்
கவிழ்ந்த லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம்.

பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம்
என்றது சீட்டு.
அதில் நம்ம ஊர்ப்பக்கம் எவ்வளவு?
‘ஏழு’ என்றாள் பச்சியம்மா,
தக்காளிக் கூடை எண்ணும் அதே வாயால்.
அந்த ஏழுக்காக
ஓட்டின் மேல் நீலத் தார்ப்பாயை விரித்து
நாலு கல் வைத்தாள்.

ஓசூர் பஸ் பிடித்துப் போன நான்
மடிவாளாவில் இரண்டாவது டீ குடிக்கையில்
போன் வந்தது:
“நீலம் தெரிஞ்சுது மச்சான்.
ஆனா மாரண்டஅள்ளி வரைக்கும்
எல்லா வீடும் நீலம்.

எல்லாத்துக்கும் கையாட்டிட்டேன்.”