பிழைதிருத்தம், பக்கம் 117

சிம்மக்கல்லில், வளையல் கடைக்கு மேல்மாடியில்
கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே
நாட்டுப்பாட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
பாட்டென்றால் வரி குட்டை, எனக்கு லாபம்.

     ஒருகால் செருப்போட ஓடி வந்தேன் – என்
     மறுகால் செருப்ப மதகு திங்க.
     வாசல் ஈரம் காயுமுன்னே – நீ
     செத்த நேரம் இரு மச்சான்.

பாடியவர்: அடைக்கி, களையெடுப்பு, கள்ளந்திரிப் பக்கம்.
வயது என்ற இடத்தில் ஒரு கோடு.

முதல் தடவை ஒன்றும் தோன்றவில்லை.
எவனோ கால்வாய் தாண்டி வருகிறான்,
அவசரத்தில் ஒரு செருப்பு போகிறது,
இருந்துவிட்டுப் போ என்கிறாள்.
எத்தனை பார்த்திருக்கிறோம்.
‘திங்க’வில் மட்டும் கை நின்றது.
இழுக்க, விழுங்க, அடித்துப்போக என்று
எவ்வளவோ சொல் இருக்கிறது தண்ணீருக்கு.
அடைக்கிக்கு மதகு தின்கிறது,
வரப்பில் கட்டிய மாடு மாதிரி,
அவசரமில்லாமல், எட்டியதை.

புரூஃப் திரும்பி வந்தது புலவர் மருதப்பனிடமிருந்து.
‘திங்க’ அடித்துத் ‘தின்ன’.
‘செத்த’ அடித்துச் ‘சற்று’.
ஓரத்தில் சிவப்பு மையில்: கொச்சை.

மாற்றினேன்.
சற்று நேரம் இரு மச்சான்.
பாட்டுக்குப் பல்செட்டு மாட்டியது போலிருந்தது.
கண்ட்ரோல், இசட்.
செத்த திரும்பி வந்தது.
அப்போதுதான் அதைப் படித்தேன்.

செத்த நேரம்.
வீட்டில் நாளைக்கு நூறு தரம் சொல்கிறோம்.
செத்தத் தள்ளி உட்காரு, செத்த அந்த ஃபேனைப் போடு.
ஒருநாளும் தெரிந்ததில்லை
அதற்குள் ஒருவன் படுத்திருப்பது.

மதகு தின்றது செருப்பை மட்டுந்தானா?
மறுகால் என்றால்
கண்மாய் நிரம்பிப் போகிற வழியும்தானே?
வாசல் ஈரம், நான் நினைத்தபடி
விடியலில் தெளித்த ஈரமா,
அவன் நின்ற இடத்து ஈரமா?
அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
ஏன் இப்படி வந்தாய் என்று கேட்கவில்லை.
தலை துவட்டத் துண்டு எடுக்கவில்லை.
இரு என்கிறாள்,
அதுவும் காயும்வரைக்கும்தான்.

பென்டிரைவில் ஒலிப்பதிவு இருந்தது.
ஹெட்போனை மாட்டினேன்.
சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம்,
தூரத்தில் டிராக்டர்,
ஜலதோஷம் பிடித்த அடைக்கியின் குரல்.
‘செத்த நேரம்’ என்ற இடத்தில்
பத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள்,
வாய்விட்டு.
‘ஆமா, இருப்பான் இருப்பான்’ என்கிறாள் ஒருத்தி.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
என்ன சிரிப்பென்று பிடிபடவில்லை.
மச்சான் உயிரோடென்றால் அது ஒரு சிரிப்பு.
இல்லையென்றால் வேறு.
எதுவானாலும் அடுத்த வரிக்கு
எல்லோரும் சேர்ந்து குனிந்திருக்க வேண்டும்;
சிரிப்பு சட்டென்று தரைக்குப் போகிறது.

ஐந்து மணிக்குப் புலவர் ஃபோனில்.
‘மெகரு, நூத்திப்பதினேழு முடிஞ்சுதாம்மா?’
திரையில் செத்த அப்படியே இருந்தது,
அடியில் சிவப்பு நெளிகோட்டோடு.
‘செத்த நேரம் குடுங்க ஐயா’ என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
யாரோ அவரிடம் காபி வேண்டுமா என்று கேட்டது கேட்டது.
பிறகு,
‘சரி, இருக்கட்டும்’ என்றார்.
நேரத்தையா சொல்லையா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.