பக்கத்துக்கு நாற்பது ரூபாய்

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன்.
மே மாதம். மின்விசிறி
வெயிலை எல்லா மூலைக்கும் பங்கிட்டுக்கொண்டிருந்தது.

பச்சையம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள்,
விரல் நுனியில் கருப்புப் பசை.
கொண்டுவந்தது ஒரே ஒரு தாள்:
ஊர்க்கூட்டத் தீர்மானத்தின் நகல்.

பாலாற்று மணல் ராத்திரியில் லாரி ஏறுவதை
தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டாள்.
லாரிக்காரர் கொடுத்த பணத்தில்தான்
கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது.
ஆகவே ஊர் கூடியது.
அவள் வீட்டுக் குழாயைத் துண்டிக்க
சம்மதிப்பவர்கள் கைதூக்கலாம்.

"இருநூத்திப் பன்னெண்டு கை" என்றாள்.
"எண்ணினியா?"
"எண்ணாம? எந் தம்பி கையும் அதுல ஒண்ணு.
அத மட்டும் ரெண்டு தடவ எண்ணினேன்."

எனக்குத் தட்டச்சு தெரியும், சட்டம் தெரியாது.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தேதி,
இரண்டு எழுத்துப் பிழை, மற்றபடி சுத்தம்.
யாரும் யாரையும் அடிக்கவில்லை.
ஜனநாயகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது
ஏறக்குறைய இப்படித்தானே இருந்தது?

மேல்விஷாரத்து தஸ்னீம் வக்கீல்
வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"திருவிழா என்னைக்குன்னு இருநூத்திப் பன்னெண்டு பேர்
கைதூக்கி முடிவு பண்ணட்டும்.
ஒருத்தி தண்ணி குடிக்கலாமாங்கிறது
ஓட்டுக்கே வரக் கூடாது.
போடு, இருபத்தொண்ணு."

போட்டேன்.
ஷிப்ட் அழுத்தத் தேவையில்லாத இரண்டு எண்கள்.

மனு காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போனது.
பதினோரு வாரம் பச்சையம்மா
கம்பெனி விட்டதும் இரண்டு கேனோடு பஸ் ஏறினாள்.
கேனுக்குத் தனி டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
பிறகொரு செவ்வாய்க்கிழமை
பிளம்பர் ஒருவன், யார் முகத்தையும் பாராமல்,
முக்கால் இஞ்ச் குழாயைத் திரும்பப் பொருத்திவிட்டுப் போனான்.
தம்பி இன்னும் பேசுவதில்லை.
அதற்குப் பிரிவு எதுவும் கிடையாதாம்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்களைப் பார்த்தால் ஒரு கேலி:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
ஆற்றைச் சொன்னால் தலைகுனிவேன்.
கோட்டைக்கு ஏன் குனிய வேண்டும்?
அகழி இருக்கிறது, கருங்கல் மதில் இருக்கிறது,
நடுவில், ராஜா இல்லாத இடத்தில்,
டூர் வந்த பிள்ளைகள் புளிசோறு பிரிக்கிறார்கள்.
காலியாகவே இருக்கட்டும்.
அங்கே ஒருவன் போய் உட்கார்ந்தாலும் ஆபத்து,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் ஆபத்து.
காலி இடத்துக்கும்
மதில் வேண்டியிருக்கிறது.

போன மாதம் சம்பங்கி வந்தார்.
தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையது;
அந்தச் சுழி மறக்குமா.
அதே ஸ்டூல்.
ஆறு வழிச் சாலைக்கு அவர் மாந்தோப்பில்
கல் நட்டுவிட்டார்கள்.
"என்ன ஒரு வார்த்த கேக்கலம்மா.
நாலு மாவட்டத்துக்கு நல்லதுன்னா
எந் நெலத்த அப்பிடியே எடுத்துக்கலாமா?
அவங்க நெறைய பேருன்னா
நா ஆளே இல்லியா?"

தஸ்னீம் என்னைப் பார்த்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.
"முந்நூறு, ஏ" என்றாள்.
வேறு எண். அதே புத்தகம்,
முதுகு கிழிந்து செல்லோடேப் ஒட்டியது.

சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை
முக்கால் இஞ்ச் குழாய் ஒன்று வந்து நின்றது.
பிரிண்டர் சூடாகி மக்கர் பண்ணி, திரும்ப ஓடியது.
ஒன்பது பக்கம். முந்நூற்று அறுபது.
"கொஞ்சம் பாத்து வாங்கிக்கக் கூடாதா" என்றார்.

சுவரைக் காட்டினேன்.
ரேட் அட்டை. நான்தான் எழுதி ஒட்டினேன்.
ஒட்டிய பிறகு
அது என்னையும் கட்டும்.