ஏழு கிலோவுக்குள்

ஜூலை இரண்டாம் வாரம் என்று முடிவாகி
மூன்று வாரமாகிறது.
முடிவானது அது ஒன்றுதான்.

அடுப்புக்குப் பக்கத்தில் வரைபடம்.
சுருளப் பார்க்கும் நான்கு மூலைக்கும்
அச்சாறு பாட்டில், உப்பு ஜாடி, என் கைப்பேசி,
ஜோசியானின் முழங்கை.
கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்கிறாள்.
மஃபாத்தில் எல்லாக் கோடும்
சாக்கு இழைபோல ஒட்டிக் கிடக்கின்றன.

காரைக்காலில் பிறந்தவள் நான்.
அங்கே உயரம் என்றால் கலங்கரை விளக்கம்.
மலையும் மலை சார்ந்த இடமும் என்று
பரீட்சையில் எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியதோடு
எனக்கும் குறிஞ்சிக்கும்
கணக்குத் தீர்ந்தது என்றிருந்தேன்.

சாலையே இல்லாத ஊராம் மார்லா.
நடந்து போகணும், இல்லை வானத்திலிருந்து இறங்கணும்.
அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம்
ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வருமாம்.
"நாமும் தொங்கலாமே" என்றார் ஜில்பேர்.

ஜில்பேர் மினாட்சி.
எந்தக் காலத்து எந்த எழுத்தரோ
அரைக் காதில் கேட்டுக் கை போன போக்கில் எழுத,
மதுரைக்காரி அவருக்குக் குடும்பப் பெயரானாள்.
எங்கள் மருத்துவமனையில் தள்ளுகட்டில் அவர் பொறுப்பு.
இருபத்தாறு வருடம் லிஃப்டில் பிறரை ஏற்றி இறக்கியவர்,
படிக்கட்டு எந்தப் பக்கம் என்று
என்னிடம்தான் கேட்டார்.
போன ஆகஸ்டில் அதே கட்டிலில்
தானே படுத்து வந்தார்.
இதயத்துக்குப் போகும் குழாயில் இப்போது ஒரு சின்ன வலை.
இந்தப் பயணம் அவர் யோசனை.

டாக்டர் சொன்னது:
ஏறலாம், யாரோடும் போட்டி வேண்டாம்.

ஆகவே போட்டியில்லாமல்
தினமும் பணி முடிந்து
தரைத்தளத்திலிருந்து ஐந்தாம் மாடி, மறுபடி தரை.
முதுகில் ஐந்து கிலோ அரிசி.
எலும்பு முறிவு வார்டில் ஒரு கிழவர்
கதவருகே நாற்காலி போட்டு எங்களை எண்ணுகிறார்.
நான்காம் முறையோடு நான் நிறுத்தினால்
"ஐந்து" என்று விரல் காட்டுகிறார்.
அவர் கால் இன்னும் மாவுக்கட்டில்.

தைபி கணவாயில் ஏறினால்
இறங்குவது சலாசி பக்கம்.
சிலாவோசில் விட்ட கார்
மலையைச் சுற்றித் தானாக வருமா?
பேருந்து என்றால் நானூறு வளைவு.
எனக்கு மூன்றாம் வளைவிலேயே வாந்தி.

மூன்று படுக்கை காலியாக இருப்பது
பதினான்காம் தேதி ஒன்றில்தான்.
அன்று ஜோசியானுக்கு இரவுப் பணி.
டிசம்பர் இருபத்து நான்கைப் பிரிஜித்துக்குக் கொடுத்து
அந்த இரவை வாங்கினாள்.
அவள் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

விடுதிக்குத் தொலைபேசியில் பேசியவள் நான்.
அந்தப் பக்கம் காற்றும் சேவலும்,
நடுவில் மதாம் திபூர்சின் குரல்.
முன்பணம் வேண்டாம் என்றாள்.
இரவில் குளிரும், காலுறை இரண்டு ஜோடி என்றாள்.
வைத்துவிடப் போகும்போது,
"நகரத்திலிருந்துதானே வருகிறீர்கள்?
ஒரு கண்ணாடி, படிக்க. ப்ளஸ் இரண்டரை.
ஊசியில் நூல் போகமாட்டேன் என்கிறது."

நேற்று மூட்டைகளை நிறுத்தோம்,
குழந்தைகள் பிரிவின் தராசில்.
என்னுடையது ஏழு கிலோ நூறு.
"ஆறு மாதம், நல்ல போஷாக்கு" என்றாள் ஜோசியான்.
துண்டு போனது. ஷாம்பு போனது.
பல்துலக்கியின் பிடியைப் பாதியாக ஒடித்தோம்.
அச்சாறை வெளியே வைத்தேன்,
உள்ளே வைத்தேன்,
யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜில்பேரின் மாத்திரைகள் அட்டைப்பெட்டி இழந்து
வெறும் தகடாயின.
கண்ணாடி இருபத்தெட்டு கிராம்.
கூட்டோடு சேர்த்தால் நூற்றுப்பத்து.
கூடு எதற்கு என்றேன்.
"உடைந்துவிடும்" என்றார்,
தன் இரண்டாவது சட்டையை எடுத்து
மேசைமேல் வைத்தார்.

பிறகு வெகுநேரம்
மூவரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
காரை எங்கே நிறுத்துவது என்று
இன்னும் தெரியவில்லை.